சுவரோரத்து ஷாட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று நீ கேட்கப்போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். இருக்கிறேன். அப்பாவும் இருக்கிறார். உறையின் மேல் 'புதன்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு பிரிக்கவும்' என்று எழுதியிருக்கிறேன். நீ கேட்கிற ஆளா? பிரித்திருப்பாய். பிரித்தது பிரித்தாய், உட்கார்ந்து முழுசாகப் படி.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். உன் பெயர் ஃபோனில் வந்தாலே ஸ்பீக்கரில் போடு என்கிறார் அப்பா. நான் உன்னோடு தனியாகப் பேசி வருஷக்கணக்கு ஆகிறது.

பக்கவாதத்தில் குழறிய பேச்சு அவருக்கு இப்போது பரவாயில்லை. இடது கால்தான் இன்னும் இழுக்கிறது. பயிற்சி கொடுக்க வந்தவர் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஸ்னூக்கர் டேபிளை எடுத்துட்டுச் சுவரோரமா ஒரு கம்பி போடுங்க, ஆறு மாசத்துல பிடிச்சு நடந்துடுவார் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! அவன் வந்தா எதுல பழகுவான் என்று கேட்டு அவரை விரட்டாத குறை. பன்னிரண்டடி டேபிளைக் கூடத்தில் வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். சுவருக்கும் அதற்கும் நடுவில் சக்கர நாற்காலி நுழையும், ஆனால் திரும்பாது. பின்னாலேயே இழுத்து வர வேண்டும். வாரம் தவறாமல் டேபிளின் பச்சைத் துணிக்குப் பிரஷ் போட்டு, இஸ்திரியும் போடுகிறேன். என் உடுப்புக்குக்கூட இஸ்திரி கிடையாது. நீ கடைசியாக வந்த நாலு நாளில் அதில் ஒரு பந்துகூட அடிக்கவில்லை.

இப்போது என் விஷயம். எங்கள் ஆபீஸில் வெளியூரில் புதிதாகத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள். அதற்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொன்னார்கள். இப்படி வெளியூர்ப் பொறுப்புக்குக் கேட்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை கேட்டபோது உன் குச்சி விமானத்தில் முறிந்துபோய், புதுக் குச்சி கைக்கு ஒத்துவராமல், முதல் சுற்றிலேயே தோற்றுத் தோற்று வீட்டில் வந்து படுத்துக் கிடந்தாய். அதற்கு முந்தைய வருஷம்தான் பழைய சாம்பியன் ஒருவரை டிவியில் வீழ்த்தி, தரவரிசையில் நாற்பத்தொன்று ஆகியிருந்தாய். தெருவே திரண்டு வந்து கைகொடுத்தது. அப்படி ஏறியவன் இப்படி விழுந்தாயே என்று உன்னை விட்டுப் போக மனசு வரவில்லை. நீ மறுபடி தகுதிச் சுற்று ஆடித் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலுக்குள் போனாய், அப்பா பக்கவாதம் வந்து விழுந்தார். அது இரண்டாவது தடவை. இந்த முறை மேலதிகாரி, இப்பவும் முடியாதுன்னா இனிமே கேக்க மாட்டாங்கம்மா, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க என்றார். அதற்கு இரண்டு நாள் முந்திதான் உன் புதன்கிழமை ஆட்டம்.

நீ புதன்கிழமை ஜெயித்தால் இன்னும் இரண்டு வருஷம் பட்டியலுக்கு உள்ளே. தோற்றால் வெளியே, வீட்டுக்கு வருவாய். நீ வந்தால் நான் போகலாம். இதை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கேட்காதே.

தோற்றால் அப்போதே வெளியே என்றிருந்த போன சனிக்கிழமை ஆட்டத்தை நானும் அப்பாவும் பார்த்தோம். கடைசி ஃபிரேம், அதை எடுப்பவருக்கே ஆட்டம். கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. வெள்ளைப் பந்து நம் வீட்டு டேபிளில் சுவர் இருக்கும் பக்கமாகப் போய் நின்றதுமே அப்பா, ஐயோ சுவர்ப் பக்கம் என்றார். வீட்டில் அந்தப் பக்கம் நின்று ஆடவே இடமில்லாமல், பாதிக் குச்சியை வைத்துக்கொண்டு முழங்கையை ஒடுக்கி ஒடுக்கி வளர்ந்தவன்தானே நீ. அந்த அரங்கத்தில் சுவரா இருக்கிறது? ஆனாலும் உன் முழங்கை ஒடுங்கியது. கறுப்பு குழி வாயில் முட்டித் திரும்பியது.

நான் கைதட்டினேன்.

மறைக்கவில்லை தம்பி, தட்டினேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் எதிராளியும் தவறவிட்டு, நீ குழியில் போட்டு, ஜெயித்ததெல்லாம் நடந்தது. நான் சமையலறைக்குள் போய் அழுதேன். மாடி வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு வந்து, ஆனந்தக் கண்ணீரா, தம்பி பேரைக் காப்பாத்திட்டான் என்று கட்டிக்கொண்டார். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

மூன்று நாள் அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது, அன்னைக்கு எதுக்கும்மா கைதட்டினே என்று மெதுவாகக் கேட்டார். கை தவறிடுச்சுப்பா என்றேன். கை தவறித் தட்டுமா எங்கேயாவது? அவரும் சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, அவன் மேல தப்பில்லம்மா, அந்தச் சுவரை அன்னைக்கே இடிச்சிருக்கணும் என்றார்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது என் அறை. அது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக, வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது நேற்று. உன் ஆட்டத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கொடுத்தேன். நீ ஜெயித்த பிறகு என்றால் மறுபடி முடியாது என்றிருப்பேன், என்னை எனக்குத் தெரியும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அங்கே இருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னதும், அதுக்குள்ள அவன் ஆட்டம் முடிஞ்சிருமில்ல என்று கேட்டார். முடிஞ்சிரும்ப்பா என்றேன்.

ஒன்றாம் தேதிக்கு அப்புறம் அவரை யார் பார்ப்பது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் எதற்குமே நான் தெரியாது என்று சொன்னதில்லை. 

முழங்கையை விரித்து ஆடு. அப்பா சொல்லச் சொன்னார். நேற்று வரை உனக்காக மனசார வேண்டிக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்று முடிகிறது. நன்றாக ஆடு, ஜெயி.

ஜெயித்தாலும் வா.

என்றும் உன் நலம் நாடும்,
உன் அக்கா