சரோஜா பெயர் வரும் இடம்

மாப்பிள்ளை,

இன்று காலை ஆம்பூர் பேருந்து நிலையத்தை ஈரத்தோல் ஏற்றிய லாரி ஒன்று கடந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் அத்தர் பூசிய நவாபு மாதிரி நெஞ்சு நிறைய இழுத்தபடி நின்றேன். உன் சட்டை வாசனை அது.

நாம் வேலை பார்த்த தோல் ஷாப்பில் தோலைப் பதனிடும் மர டிரம்கள் உருளும் சத்தத்துக்கு, வானத்து இடியே வெட்கப்பட்டுத் திரும்பிப் போகும். அதற்கும் மேலே கேட்கும் உன் பாட்டு. வானொலியில் ஓயாமல் போட்ட அந்தக் காதல் பாட்டில், கதாநாயகியின் பெயரைத் தூக்கிவிட்டு உன் மனைவி, என் தங்கை சரோஜாவின் பெயரை வைத்துப் பாடுவாய். வீட்டிலும் அதே கச்சேரிதான். "அய்யே, ஜனங்க கேக்கப்போவுது!" என்று அவள் சமையலறைக்குள் ஓடுவாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பக்கவாதம் உன் வலக்கையையும் பேச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. "பயிற்சியோட பிடிச்ச பாட்டும் கேக்கட்டும், உதவலாம்" என்றார் வேலூர் டாக்டர். விடுவேனா? பக்கத்து வீட்டு பாய் சவுதியிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை, பல்லக்குச் சாமி மாதிரி உன் கட்டிலருகே எழுந்தருளச் செய்தேன்.

ஷாப்பில் ஒருவன் பதில் சொல்லவில்லை என்றால் அவனுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். இன்னும் கத்த வேண்டும். டிரம் பக்கத்திலேயே வாழ்ந்த நமக்கு வேறு சட்டம் தெரியாது. பார்க்க வந்த தோஸ்துகள் எல்லாம் உன் முகத்தருகே குனிந்து, "இன்னாபா, எப்டி கீற?" என்று பாலாற்றின் அக்கரைக்கும் கேட்கும்படி முழங்கினார்கள். நானும் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தேன். நீ கண்ணை இறுக மூடினாய். ஓரத்தில் நீர் வழிந்தது.

"பாரு, பாட்டு வேலை செய்யுது!" என்றேன்.

"ண்ணா, அவருக்குக் காது நல்லாதான் கீது. உனக்குத்தான் இல்ல." சரோஜா சத்தத்தைக் குறைத்தாள்.

அப்புறம்தான் உன் உதடு அசைந்தது. சில வாரங்களில் பாட்டோடு சேர்ந்து வரிகளும் வந்தன. தண்ணீர் கேட்க வராத வாயில் காதல் வரிகள்! "மாப்ள பேசிட்டான், அடுத்த மாசம் மேடை ஏர்றான்" என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டேன். ஆனால் டேப் நின்றால் நீயும் நின்றுவிடுவாய். 'பசி' என்று ஒரு சொல் வரவில்லை.

சரோஜா ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தாள், தன் பெயருக்கு. அந்த இடம் வரும்போது நானே அவள் பெயரைப் பாடிக் காட்டினேன். தெரு நாய்கள் குடியாத்தம் வரை ஓடியிருக்கும். நீ வாயைத் திறந்தாய். எதுவும் வரவில்லை. கதாநாயகியின் பெயரும் வரவில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாய். மறுநாளும் அப்படியே.

"சரோஜான்னு சொல்லுடா, ஒரே ஒரு தபா" என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"வுடுண்ணா" என்றாள் அவள். "வேற பேர பாட மாட்றாரு பாரு. அந்த எடத்த எனக்குத்தான் வெச்சிருக்காரு."

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் மறுபடி வந்து, உன்னையே எடுத்துக்கொண்டது. அப்போது எந்தப் பாட்டும் உதவவில்லை.

உலகத்தையே வாயால் விலை பேசும் எனக்கு, உன் வாயிலிருந்து மூன்றெழுத்தை வாங்கி என் தங்கைக்குத் தர முடியவில்லை. இன்றும் அந்தப் பாட்டை முணுமுணுத்தால், அந்த இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

"இன்னா மாமா, வரி மறந்துட்டியா?" என்கிறார்கள் உன் பிள்ளைகள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.