விரிப்பின் மறுமுனை

அடியே,

அன்றைக்கு விடுதியின் சலவை அறையில் இருந்தவர்கள் மேலாளர், இஸ்திரிக்காரர், சர்வே எடுக்க வந்த பெண், நீ, நான். எனக்கு எதுவும் மறக்கவில்லை.

வயது, படிப்பு, பிள்ளைகள் எல்லாம் கேட்டுவிட்டு, "வேலையில திருப்தியா இருக்கீங்களா பாட்டி?" என்றாள் அந்தப் பெண். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "அவளுக்கென்ன, புருஷன் போய்ச் சேந்தாச்சு, பேரன் பேத்தியெல்லாம் தூரத்துல. தனிக்கட்டை. எங்க போட்டாலும் திருப்தியா இருப்பா." எல்லோரும் சிரித்தார்கள்.

மறுவாரமே மேலாளர் என்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார். இங்கே துண்டுகள் மட்டும்தான். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும்; துண்டுக்கு ஒருத்தி போதும்.

விரிப்பின் மறுமுனையில் நீ நின்றாயே, அதுதான் என் திருப்தி. அதைத்தான் அன்றைக்குச் சொல்ல இருந்தேன்.

சிரித்தவர்களை மன்னித்துவிட்டேன். மேலாளரையும்தான். உன்னை மாட்டேன்.

இப்படிக்கு,
துண்டு மடிப்பவள்