மீதி இரண்டரை லிட்டர்

மார்ச் 3, செவ்வாய்
கட்டுப் பிரித்தாயிற்று. புறங்கையில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தவள் நான் — முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கொதிநிலையும் அழுத்தமும் நடத்தியவள். மகன் மறக்க விடமாட்டான். "பாடம் எடுத்தது நீதானேம்மா?"
பிக்கப் சாவி அவன் சட்டைப் பையில். ஞாயிறன்று வாங்க ஆள் வருகிறாராம். என் வண்டி! என்னைக் கேட்டானா?

மார்ச் 4
கேட்டேன். "மேடு ஏறினா சூடாகுது. உனக்கும் வயசாகுது. வித்துடலாம்." வண்டிக்கும் எனக்கும் ஒரே மூச்சில் தீர்ப்பு.
ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட்டை நானே மாற்றுகிறேன், அப்புறமும் சூடு காட்டும் முள் ஏறினால் விற்றுக்கொள் என்றேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

மார்ச் 6
காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தேன். துருவேறிய பழுப்புத் தண்ணீர். அளந்து கேனில் ஊற்றி மூடினேன். விஷம், பூனை நக்கிவிடக் கூடாது. ஏழு லிட்டர். புதுக் கூலன்ட்டோ நாலரையிலேயே வாய்வரை வந்து நின்றுவிட்டது.
எதிர்ப் பட்டறை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "ரொம்பிடுச்சு டீச்சர், மூடிடுங்க."
"ஏழு வந்துச்சு, நாலரைதான் போயிருக்கு. மீதி எங்கப்பா?"
"இன்னும் பரீட்சை வைக்கிறத விடலையா நீங்க!"
மகனும் அவர் கட்சி. நான் மூடவில்லை. முதல் வரிசை தலையாட்டியதும் வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று நம்பி ஏமாந்தவள் நான். கடைசி பெஞ்சில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? இங்கே, உள்குழாய்களில், காற்று அடைத்துக்கொண்டு இருந்தது.

அன்றே மாலை
முணுமுணுத்துக்கொண்டே மகன் வண்டியின் மூக்கை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தினான். மூடியில்லாமல் எஞ்சினை ஓட விட்டு, ஹீட்டர் குழாயில் அடைத்த காற்றும் வெளியேறட்டும் என்று உள்ளே ஹீட்டரை முழுதாகத் திருப்பச் சொன்னேன். முகத்தைத் தள்ளியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குபுக். இன்னொரு குபுக். மட்டம் சரசரவென்று இறங்கியது. ஊற்ற ஊற்றக் குடித்தது. மீதி இரண்டரையும் உள்ளே!
மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "போன மாசம் நான் கூலன்ட் மாத்தின ஒரு வண்டி, சூடாகுதுன்னு திரும்பி வந்துச்சு டீச்சர். இதானா அது..."

மார்ச் 8, ஞாயிறு
மகனிடம் சாவியை வாங்கி நான்தான் ஓட்டினேன். வாங்க வந்தவர் பக்கத்தில், மகன் பின்தட்டில். மேடு முழுக்க முள் நடுவிலேயே நின்றது. "அருமையா இருக்கு, எடுத்துக்கறேன்" என்றார் அவர்.
"விக்கிற வண்டி இல்லைங்க. சூடாகுதான்னு பார்க்கத்தான் வந்தோம்" என்றேன்.
வீட்டு வாசலில் மகன் சாவிக்குக் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கிவிட்டு, சாவியோடு உள்ளே வந்துவிட்டேன்.