பெட்டி அண்ணனுக்கு, டிஸ்க் எனக்கு

சித்திரை 20, சனி

காலையிலேயே வெக்கை. கரண்ட் வேற போய்ப் போய் வருது.

டிவியில மாட்டி விளையாடுற பழைய கேம் பெட்டியோட ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல மாட்டினேன். பாஸ்வேர்டு கேக்குது. சுத்தும்போது டிக் டிக்னு சத்தம். இன்னும் எத்தனை நாள் தாங்குமோ.

இதுக்குள்ள இருக்கறது, சிங்கப்பூர்ல இருந்த அப்பாவுக்கு அம்மா பேசி அனுப்புன கேசட். காலேஜ் படிக்கும்போது நாந்தான் இதுல ஏத்தி வச்சேன். கேசட் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அம்மாவும் போயாச்சு. அவங்க குரல்னு இருக்கறது இது ஒண்ணுதான்.

ஞாயிறு

கறி எடுக்கணும், கியாஸ் சொல்லணும். ரெண்டும் மறந்தாச்சு. செல்வி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. பொண்டாட்டி கோவம் பொறகு பாத்துக்கலாம்.

பெட்டியை எழுப்புற புரோகிராமோட நகல் பழைய சிடியில கிடைச்சுது. பிரிச்சு வரி வரியாப் படிச்சேன். பூட்டைத் திறக்குற இடம் மாட்டுச்சு. சாவி டிஸ்க்குல இல்ல. பெட்டிக்குள்ள, போர்டுல ஒரு பொடிச் சிப்பு, அதுல இருக்கு. பெட்டிக்குப் பெட்டி வேற.

பெட்டி அண்ணன் வீட்டுல.

சொத்துப் பாகம் பிரிச்ச அன்னிக்கு மாமா சொன்னது: "பெட்டி பெரியவனுக்கு, உள்ள இருக்கது சின்னவனுக்கு. யாரும் குறை சொல்லப்படாது." சரக்கு நமக்கு, அண்ணனுக்கு வெறுங்கூடுன்னு உள்ளுக்குள்ள சிரிச்சேன். பெரிய புத்திசாலி. கிணத்துப் பங்குல சண்டை வந்து, அன்னிலருந்து பேச்சு இல்ல.

திங்கள்

செல்வி: "நீங்க போய்க் கேட்டா என்ன குறைஞ்சா போயிருவீக?"

போக மாட்டேன்.

அவளே கானாடுகாத்தானுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டா. பெட்டியப் பழைய இரும்புக்குப் போட எடுத்து வச்சிருக்காகளாம். எதுக்குக் கேக்குறோம்னு சொன்னியான்னேன். "சொன்னேன். அத்தான்கிட்டச் சொல்றேன்னு அக்கா போன வச்சுட்டாக."

புதன்

அண்ணன் வந்தாக. பஸ்ல, பெட்டிய மடியில வச்சு. என்னையப் பாக்கல.

"எங்குட்டு வைக்கணும்னு கேளு செல்வி."

"அங்குட்டு மேசையில வைங்க அத்தான்."

நானும் அவகிட்டத்தான்: "போர்டைக் கழட்டணும்னு சொல்லு."

சிப்புல வயர் பிடிச்சேன். வழுக்கி வழுக்கி, கடைசியில சாவி வந்துச்சு. டிஸ்க் திறந்துச்சு. காப்பி ஓடுது, சத்தம் கூடுது. நின்னுச்சு. திரும்ப ஓடுச்சு. அப்புறம் ஒரேயடியா நின்னுருச்சு. டிஸ்க் அவ்வளவுதான். கேசட்டுல ஆரம்பம் மட்டும் வந்திருக்கு.

போட்டேன்.

"சுகமா இருக்கீகளா? இங்க எல்லாரும் சுகம். சின்னவனுக்கு இன்னும் பேச்சு வரலங்க. அவனுக்குப் பசிச்சாலும் பெரியவந்தான் வந்து, தம்பிக்குப் பசிக்குதும்மாங்கறான்..."

அவ்வளவுதான் இருந்துச்சு. அண்ணன் துண்டால மூஞ்சியத் தொடச்சாக. செல்வி அடுப்படிக்குப் போயிட்டா. சொல்லிவிட ஆள் இல்ல.

"சாப்புட்டீகளாண்ணே"ன்னு கேட்டேன்.

"இல்லடா"ன்னாக.