உனக்காக நான் வேண்டிக்கொள்ளவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா என்று எழுது. கடிதத்தின் தலையில் நான் எப்போதும் போடுகிற 'கடவுள் துணை' இல்லையே என்று தேடாதே, மறந்து விடவில்லை.

அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான், தைலம் தேய்க்கப் போனால் என் மேல் எரிந்து விழுகிறார். தம்பி போய் ஐந்து மாதம் ஆகியும் அவன் அறைப் பக்கம் அவர் போவதில்லை, நான்தான் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறேன். போன வாரம் நீ போனில், எனக்காக வேண்டிக்கோம்மா, நீ வேண்டிக்கிட்டா பிரசவத்துக்குத் தைரியமா இருக்கும் என்றாய், நானும் சரி என்றேன். அது பொய். அப்பா பக்கத்தில் இருந்தார், போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு மந்திரமும் தெரியாது, புத்தகம் பார்த்து வேண்டுகிற படிப்பும் இல்லை. என் பக்தி எல்லாம் வேலை செய்கிற இடத்தில்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலையில் முதலில் தலையணை உறைகளைத்தான் மடிப்போம். அப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று ஆளை நினைத்து, நல்லா வச்சிரு என்று சொல்லி மடிப்பேன், உன் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கும் ஒன்று சேர்த்தேன். பக்கத்து மேசைக்காரி, சத்தம் பெரிது என்று சைரன் என்று கூப்பிடுவோமே அவள், என்னக்கா உறைகிட்ட ரகசியமா, என் புருஷன் திருந்தவும் ஒண்ணு சொல்லேன், அவனுக்கு உறை பத்தாது, போர்வையா எடு என்பாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததற்கு முதல் நாள் சாயங்காலமே அவனுக்கு வயிற்றில் வலி. காலையில் சுருண்டு கிடந்தான், அப்பா போய் வண்டி கூட்டி வந்தார். அதுவரைக்கும் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன். செருப்பு மாட்டும்போது, வலி விட்டிருச்சும்மா என்றான், சிரிப்புக்கூட வந்தது அவன் முகத்தில். கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வண்டிதான் வந்தாச்சே, ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவோம் என்றார் அப்பா. இப்போது போனால் கடவுளைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நான்தான் வண்டியைத் திருப்பி அனுப்பினேன். நன்றி சொல்லிக்கொண்டே அவனுக்கு வெந்நீர் வைத்தேன். குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் வலி குறையும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஓடினோம், மூன்றாம் நாள் அவன் இல்லை. அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டுத் திட்டினாலாவது தேவலை.

வேலைக்குத் திரும்பிய அன்று கைப் பழக்கத்தில் மூன்றாவது உறையை எடுத்து, அவனுக்கும் நல்லா வச்சிரு என்று சொல்லிவிட்டேன், சத்தமாகவே. சைரன் என் கையிலிருந்து அதை வாங்கி அவளே மடித்து வைத்தாள். அதிலிருந்து யாருக்கும் சொல்வதில்லை. உன் பேர் நாக்கு வரைக்கும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நான் வேண்ட, நீயும் அதை நம்பி ஒரு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன செய்வேன்?

கடவுள் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. பக்தி என்றால் மன அமைதி என்று படித்தவர்கள் சொல்கிறீர்கள். எனக்கு அது நான் பேசினால் ஒருத்தர் காதில் விழுகிறது என்கிற நினைப்புதான், வேறொன்றும் இல்லை. அது போய்விட்டது. இப்போது துணி வெறும் துணியாக இருக்கிறது, நாள் நீளமாக இருக்கிறது. சைரன், நாள் போனா சரியாகும்க்கா என்கிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை.

என் வேண்டுதலை நம்பி இருக்காதே. கால் வீங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே டாக்டரிடம் போ, மாப்பிள்ளை வேலையில் இருந்தால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு. வலி வந்தால் போ. வலி நின்றாலும் போ. உனக்கும் பிள்ளைக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. அது யாரிடமும் கேட்டு வாங்கியது இல்லை, என்னுடையது மட்டும்தான், எவ்வளவு பலிக்கும் என்று தெரியவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா