பீரோவுக்குப் பின்னால் மஞ்சள்

மச்சான்,

இன்று பீரோவை நகர்த்தினேன். பின்னால் அந்தப் பழைய மஞ்சள் டிஸ்டெம்பர் ஆள் உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. அறைக்கு நீலம் அடித்தபோது பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டுச் சுற்றி அடித்தவன் நான்தான். நீ இருந்திருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

மகள் தலைப்பிரசவத்துக்குச் சதுரங்கப்பட்டினம் வருகிறாள் என்றதும் அந்த அறைக்குச் சாயம் அடிக்க இறங்கினோம். சுவரில் இரண்டு முழம் அகலத்துக்கு நான் மஞ்சளைத் தீற்றினேன், பக்கத்தில் நீ இளநீலத்தை. மஞ்சள் மங்களகரம் என்றேன்.

"அது கண்ணக் குத்துது. நீலம் குளுமையா கீது பாரு."

"பள்ளிக்கூடம் மாதிரி கீது."

நீ படித்தது எட்டாவது, நான் பத்தாவது. வீடும் என்னுடையது. மஞ்சள் ஜெயித்தது.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். அறையில் பார்த்தவர்கள் எல்லாரும் தங்கச் சிலை மாதிரி நிறம் என்றார்கள். எங்கள் வம்சத்து நிறம் என்று நானும் சொல்லிக்கொண்டேன். என் நிறம் ஊருக்கே தெரியும். மறுநாள் நீ வந்தாய். பிள்ளையைப் பார்த்துவிட்டு, தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாய். வெயிலில் அவன் மூக்கைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்து, அழுத்திய இடத்தின் நிறம் பார்த்தாய். உன் இரண்டாவது பையனுக்குக் காமாலை வந்தபோது நர்ஸ் காட்டிய வித்தை அது.

"உள்ள சொவுரு மஞ்சளா, கொயந்த மஞ்சளான்னே தெர்ல. வெளிய நல்லா தெரியுது. கெளம்பு."

"பொறந்த புள்ளைங்க அப்பிடித்தான்டா..."

"நீ பேசிக்கினே இரு. நான் வண்டி இட்டாறேன்."

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா அதை முடிக்கவில்லை. பிள்ளையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுக்க வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தோளில் இடித்தாய்.

"பாத்தியா, டாக்டரம்மாவுக்கும் நீலந்தான் புடிச்சிக்கீது."

பிள்ளை தேறிய பிறகு அந்த அறைக்கு நீலம் அடித்தேன். பேரனுக்கு இப்போது எட்டு வயது. நீ போய் இரண்டு வருடம். சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் நான் வாங்கி நேராக வாசலுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். "டாக்டர் வந்துட்டாரு, புள்ளைய ஒளிச்சி வை" என்கிறார்கள் பெண்கள். மூக்கை அழுத்திப் பார்க்கிறேன். தெரிவது என்ன நிறம் என்று எனக்கு ஒருநாளும் சரியாகப் பிடிபட்டதில்லை. அதனால் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றுதான் திரும்பி வந்திருக்கிறார்கள். திட்டு எனக்குத்தான். வாங்கிக்கொள்கிறேன்.