கூடத்துச் சுவரோடு நின்ற வெளிச்சம்

உன் தம்பி இன்று காலை வந்திருந்தான். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. "அக்கா, வூட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். இத நீங்கதானே போட்டீங்க, நீங்களே வெச்சிக்கோங்க" என்றான். பையைத் திறந்ததும் உன் சமையலறை வாசனை அடித்தது. தாளித்த எண்ணெயும் மீன் குழம்பும் ஊறிய, உன் வீட்டில் நான் ஒட்டிய அந்த எல்இடி விளக்குப் பட்டையைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது. ஒரு நாளாவது துடைத்திருப்பாயா நீ!

தட்டாஞ்சாவடி எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சால்டரிங் வைத்தோம். உனக்குக் காது சுத்தமாகக் கேட்காது. என் உதட்டைப் பார்த்தே எல்லாம் பிடித்துவிடுவாய், நான் முணுமுணுக்கிற கெட்ட வார்த்தை உட்பட. கடலோரம் பிள்ளைச்சாவடியில் உன் வீட்டுக்கு வந்தால்தான் தொல்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வாசலில் மூன்று பட்டன். எதை அழுத்தினாலும் வெளிச்சம் வாசலில் கிளம்பி, கூடத்துச் சுவர் வழியே ஓடி, உன் அடுப்புக்கு மேல் வந்து நிற்கும். தம்பிக்கு நீலம், எனக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு வெள்ளை.

யூடியூப் பார்த்து, விளக்குகளை ஓட்டுகிற புரோகிராமை இறக்கி, பட்டையோடு சேர்த்த சின்ன கன்ட்ரோல் போர்டில் ஏற்றி, என் பட்டனைப் பந்தாவாக அழுத்தினேன். சிவப்பு என்று எழுதியிருந்தேன், பச்சை எரிந்தது. இந்த விளக்குகள் நிறக் கணக்கில் சிவப்புக்கு முன்னால் பச்சையை வாங்குகிறவை என்று எனக்கு எங்கே தெரியும்? ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். நீ விடவில்லை. "இருக்கட்டும் வுடுடி. தப்புத் தப்பா வர்றவ நீ ஒருத்திதான்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அப்புறம் அந்தச் சண்டை. புது சூப்பர்வைசர் உன்னிடம் ஏதோ கேட்டார். நீ வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். வழக்கமாகச் செய்வதுதான். "எனக்குக் காதுதான் கேக்காது. வாயுமா இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாய். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே வேறு ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, தப்பு என்னுடையதுதான் என்று உறைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வாசலுக்கு வந்தேன். என் பட்டனை அழுத்தினேன். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது முறையும். கதவு திறக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறாய், அவ்வளவு திமிரா, போ என்று பஸ் ஏறிவிட்டேன். ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாம். போடவில்லை. மூன்று வாரத்தில் நெஞ்சுவலி என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

உன்னைக் கிடத்தியிருந்தபோதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். கதவைத் திறக்காமலே போய்விட்டாளே என்று எட்டு மாதமாக மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஒரே ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

தம்பி கிளம்பும்போது சொன்னான்: "கடைசி வரைக்கும் அக்காவுக்கு உங்க ஏக்கம்தான். ஞாயித்துக்கிழமை ஆனா அடுப்பு மேல அந்த லைட்டையே பாத்துக்கினு நிக்கும். வரவே மாட்டாளாடான்னு என்கிட்ட கேக்கும்."

அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றவள் அன்றைக்கு என் வெளிச்சத்தை எப்படி விட்டாள்? அவன் போனதும் பட்டையை மேசையில் விரித்து, ஒரு புள்ளி முதல் விளக்கிலிருந்து கடைசி வரை ஓடும்படி நாலு வரி எழுதி ஏற்றினேன். அறுபதாவது விளக்கில் நின்றுவிட்டது. கூடத்துச் சுவர் முடிந்து சமையலறைக்குள் திரும்புகிற மூட்டு அது. இவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி எரிகிறவை. ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு. உப்புக் காற்றில் என் சால்டரிங் களிம்பேறி, கம்பி இற்றுக் கிடந்தது. மூட்டின்மேல் ஈரம் புகாத பசை வைக்காமல் விடாதீர்கள் என்று புதுசாக வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்கிறவள் நான். உன் வீட்டில் வைக்கவில்லை. நீலமும் வெள்ளையும் பேருக்குத்தான்; தம்பியிடம் சாவி இருந்தது, அக்கம்பக்கத்தார் பின்பக்கமாக வருவார்கள். வாசலில் நின்று அழுத்துகிறவள் நான் ஒருத்திதான். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

கோபம் போய்விட்டது. அதுவாவது இத்தனை நாள் துணையாக இருந்தது. இப்போது என்னிடம் மிச்சம், நீ உள்ளே பாத்திரம் உருட்டிய அந்தச் சத்தம் மட்டும்தான். நான் வந்தேன்டி. நீ காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன்.